கோத்தகிரி ஊசி அக்காவும் என் இடது கையும்

முழங்கை வலிக்குக் கோத்தகிரியில் அக்குபங்சர், அதாவது மெல்லிய ஊசி குத்துகிற சிகிச்சை, செய்துகொண்டேன். முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன் நான் இதைத்தான் எல்லாரிடமும் கேட்டேன், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. முதல் நாள் 600 ரூபாய், பிறகு ஒவ்வொரு தடவையும் 400. நான் 14 தடவை போனேன், மொத்தம் 5,800 ஆயிற்று. ரத்தப் பரிசோதனை தனி. குன்னூரிலிருந்து பஸ். ஒரே ஒரு நாள் வீணையைத் தூக்கிக்கொண்டு போக ஜீப்புக்கு 1,800 கொடுத்தேன். மொத்தச் செலவில் உருப்படியான செலவு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு 47 வயது. குன்னூரில் வீட்டு முன்னறையில் 22 வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். போன வருட நவராத்திரியில் ஒன்பது நாளில் ஐந்து கொலு வீடுகள், ஒரு கோயில் கச்சேரி, இடையில் வழக்கமான வகுப்புகள். விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்து வைத்துவிட்டு எழுந்தபோது இடது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. குளிர் என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

ஒரு மாதத்தில் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. ஈரத்துணி பிழிய முடியவில்லை. அதைவிடப் பெரிய இடி, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைக்க (கமகம் என்பது இந்த அசைப்புத்தான்) முடியாமல் போனதுதான். சாரணி என்கிற முதல் தந்தியை இழுத்தால் முழங்கையிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு கம்பி சூடாகிற மாதிரி வலி. தோடியையும் பைரவியையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு அசைப்பு குறைவான மோகனமும் ஹம்சத்வனியுமாக ஓட்டினேன். ஒரு பையன் கேட்டேவிட்டான், "மிஸ், நம்ம கிளாஸ்ல கமகமே கிடையாதா?"

கோத்தகிரிக்குப் போவதற்கு முன் இரண்டு இடம் பார்த்தேன். கீழே சமவெளியில் ஒரு எலும்பு மருத்துவர், 'டென்னிஸ் எல்போ' என்று சொல்லி முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். ஆறு வாரம் சொர்க்கம். மார்கழி பிறந்ததும் வலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இந்த ஊசி உடனே ஆற்றும், ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் போடாதவர்களே நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வதை நான் பிறகுதான் படித்தேன்.

இரண்டாவது இடம் தொடு சிகிச்சை செய்கிற ஒரு ஹீலர். ஊரும் பேரும் வேண்டாம். நாடி பிடித்தார், மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து எடுத்தார், அவ்வளவுதான் சிகிச்சை. பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, இரவு தூங்கு. இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. கடைசியாக, "மாத்திரை எல்லாம் கழிவு, எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார். எனக்கு ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை. வலியில் இருக்கிறவளுக்கு யார் எதைச் சொன்னாலும் வேதவாக்கு, நிறுத்திவிட்டேன். ஏழு வாரத்தில் முகம் வீங்கி, குரல் கட்டி, மாடிப்படி ஏறினால் தொடை கனத்தது. டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறுகிற அளவு) 41 என்று வந்தது. ஆய்வகத்து ரிப்போர்ட்டில் நாலரைக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கை வலி குறையவே இல்லை. தைராய்டு குறைந்தால் தசையும் மூட்டும் தனியாகவே வலிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் யாராவது இப்படிச் சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அதனால் மூன்றாவதாகக் கோத்தகிரி என்ற பேச்சு வந்தபோது வேண்டவே வேண்டாம் என்றுதான் சொன்னேன். சொன்னவர் என் மாணவி ஒருத்தியின் அம்மா, கட்டபெட்டு பக்கத்துப் படகர் வீட்டுக்காரர். "டீச்சர், இவங்க நிஜமாவே ஊசி போடுவாங்க. பேச்சு கம்மி" என்றார். பேச்சு கம்மி என்றதில் விழுந்துவிட்டேன்.

ஜூன் மாதம். வண்டிச்சோலை தாண்டியதும் பஸ் ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு கம்பளிக் கடைக்கு மேல் மாடி. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தனி ஆள், இரண்டே படுக்கை, இதற்கு மேல் கூட்டம் வந்தால் தாங்காது. பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்களிடம் 'ஊசி அக்கா' என்று கேட்டால் வழி சொல்வார்கள். நான் டாக்டர் என்று கூப்பிட்டதும் உடனே தடுத்தார். "நான் டாக்டர் இல்லைங்க டீச்சர். அக்குபங்சர் படிச்சிருக்கேன். அக்கான்னே கூப்பிடுங்க." மத்திய சுகாதார அமைச்சகம் 2019ல் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்ட பிறகு, பலகையில் டாக்டர் என்று எழுதிக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த அம்மாள் எழுதவில்லை.

முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம். அதில் ஊசி இருபது நிமிடம்தான். மீதியெல்லாம் கேள்வி. ஒரு நாற்காலியை உள்ளங்கை கீழே பார்க்கும்படி பிடித்துத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், கத்தினேன். குறித்துக்கொண்டார். தைராய்டுக் கதையைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மாத்திரையை எழுதினவர் மட்டும்தான் நிறுத்தணும். எனக்கு அந்த உரிமை கிடையாது" என்றார். எனக்குப் பாதி வலி அங்கேயே போனது. இது அலங்காரத்துக்குச் சொன்னது. வலி அப்படியேதான் இருந்தது.

அப்புறம் சாப்பாடு. "நேத்து காலையில எழுந்ததுலேருந்து என்னென்ன உள்ளே போச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க." சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்தரைக்கு மாத்திரை, ஐந்தே முக்காலுக்கு டீ. ஆறரை வகுப்புக்கு நடுவில் இன்னொரு டீ. எட்டரைக்கு மூன்றாவது, கூட இரண்டு வர்க்கி. பதினொரு மணிக்கு நின்றுகொண்டே இரண்டு தோசை, அதோடும் டீ. மத்தியானம் ரசம் சாதம், உருளைக்கிழங்கு. சாயங்கால வகுப்பில் டீ, டீ, டீ. ராத்திரி மோர் சாதம். மொத்தம் ஏழு தம்ளர் டீ. பருப்பு எங்கே, பயறு எங்கே, கீரை எங்கே என்று கேட்டார். என் மகளுக்குப் போட்டேன், நான் சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. பாதி அம்மாக்களின் பதில் இதுதான் என்றார்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், கூடவே "ரிசல்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை நான் தரமாட்டேன்" என்றும் சொன்னார். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்புச்சத்து, 7. வைட்டமின் டி 12, பி12 உம் குறைவு. வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் வாழ்கிறவள், முட்டை கூடத் தொடாத வீடு, வேறு எப்படி இருக்கும்?

குன்னூர் மருத்துவர் மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். அக்கா அவற்றுக்கு நேரம் போட்டுக்கொடுத்தார். எனக்கு மிகவும் உபயோகப்பட்ட காகிதம் அதுதான். தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில், அதற்குப் பின் ஒரு மணி நேரம் டீ கிடையாது. இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி, இல்லாவிட்டால் இரும்பு தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையோடு ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைத் தண்ணீர். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது, ஏனென்றால் டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீலகிரியில் பிறந்தவளிடம் டீயை எப்போது குடிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஏழு தம்ளரை மூன்றாக்கினேன். முதல் வாரம் தலைவலியில் யாரோடும் பேசவில்லை.

மற்றபடி சாப்பாட்டில் புதுமை ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது, கேழ்வரகு முளைகட்டிக் கூழ், சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, தயிர். இந்த மலையில் பாட்டிமார் சாப்பிட்டதுதான். ஆனால் அவர் தருகிற அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெய், வால்நட், சால்மன் மீன் என்று எங்கிருந்தோ நகலெடுத்தது. அதில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய் மூன்றும் மூட்டு வலிக்கு ஆகாது என்று வேறு. ஊட்டிக்கிழங்கு விளைகிற மண்ணில் இப்படி ஒரு தாள்! இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றேன். "மூணு வாரம் விட்டுப் பாருங்க, வித்தியாசம் இல்லைன்னா சாப்பிடுங்க" என்றார். விட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை, சாப்பிட்டேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் தாளை இன்னும் மாற்றவில்லை.

ஊசியைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். வலிக்குமா? தலைமுடியைவிடத் தடிமன், ஆனாலும் கால் மில்லிமீட்டர்தான். உங்கள் கண்முன் புதுப் பாக்கெட்டைப் பிரிப்பார், முடிந்ததும் வெள்ளை டப்பாவில் போடுவார், மறுபடி உபயோகிப்பதில்லை. இதைச் செய்யாத இடத்தில் கையை நீட்டாதீர்கள். எனக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று (கர்ப்பிணிகளுக்கு இந்த இடத்தில் போடமாட்டார்கள்), முழங்கை மடிப்பின் ஓரத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்று, வலிக்கிற இடத்தைச் சுற்றி இரண்டு. அப்புறம் வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒன்று. இடது கைக்கு வலது காலில் எதற்கு என்றால், தசைநார்களுக்கெல்லாம் அதுதான் புள்ளி என்பது சீனக் கணக்கு.

குத்தும்போது எறும்புக்கடி அளவு. அதற்குப் பிறகுதான் வித்தியாசமான ஒன்று வருகிறது. அக்கா ஊசியை லேசாகத் திருகுவார். குத்தின இடத்தில் இல்லாமல் முன்கை முழுக்க ஒரு கனம் இறங்கும். வீணையில் சாரணியை மீட்டினால் தொடாத பக்கத் தந்திகளும் சேர்ந்து அதிரும், அந்த மாதிரி. கனம் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊசிக்குப் போவார். முழங்கை மடிப்பில் ஒரு தடவை நீலமாக ரத்தம் கட்டி நாலு நாள் இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதனால் பயமில்லை.

கோயம்புத்தூரில் எம்.பி.பி.எஸ். கடைசி வருடம் படிக்கிற அண்ணன் மகனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "அத்தை, ஊசி போட்டதுல பாதி, உங்களை யாரோ ஒன்றேகால் மணி நேரம் கவனிச்சாங்களே அதுல பாதி" என்றான். அவனே பிறகு 2018ல் வந்த ஒரு அலசலை அனுப்பினான். 39 ஆய்வுகள், 20,827 நோயாளிகள். முதுகு, கழுத்து, தோள், மூட்டுத் தேய்மானம், தலைவலி ஆகிய நாள்பட்ட வலிகளுக்கு அக்குபங்சர் பலன் தருகிறது. ஆனால் சும்மா பாவனையாகக் குத்தினதற்கும் சரியாகக் குத்தினதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான். முழங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சின்னதா இருந்தா என்ன, உங்களுக்கு வேணாமா?" என்று கேட்டுவிட்டு ஊசிப் பாக்கெட்டைப் பிரித்தார்.

மூன்றாவது தடவையிலிருந்து மாக்ஸா. சுருட்டு மாதிரி ஒன்றைப் பற்றவைத்து, தோலில் படாமல் முழங்கைக்கு மேலே காட்டுவார். மழைக் குளிருக்கு அவ்வளவு இதம். அது மாசிபத்திரி வகைச் செடியின் இலைத்தூள். சீனாவிலிருந்து வருகிற சரக்கு என்றாலும், அந்தச் செடியின் தங்கை நம் சாலையோரத்திலேயே களையாக நிற்கிறது. தாவரவியலில் அதன் பெயரே ஆர்ட்டிமிசியா நிலகிரிகா. இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன். குறை என்னவென்றால் வாடை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி என் சால்வையை முகர்ந்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். என்ன நினைத்தாரோ.

நான்கு தடவை முடிந்தும் பெரிய மாற்றமில்லை. பத்துக்கு ஏழாக இருந்த வலி ஆறு. ஐந்தாம் தடவைக்குப் போன அன்று அக்கா, "நீங்க வாசிக்கிறதை நான் பார்க்கணும். வீணையைக் கொண்டுவாங்க" என்றார். நாலடி நீளம், பெட்டியோடு பத்துக் கிலோவுக்குக் குறையாது, சுரைக்குடுக்கை வேறு. பஸ்ஸில் முடியாது. அதற்குத்தான் ஜீப். கம்பளிக் கடைப் பையன்கள் இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அக்காவுக்கு ஸ்வரம் ராகம் எதுவும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று. சங்கீதம் தெரிந்தவர்கள் பாட்டைக் கேட்பார்கள், இவர் கையை மட்டும் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயம். இழுக்கும்போது இடது தோள் காதை நோக்கி ஏறுகிறது. கட்டைவிரல் வீணையின் கழுத்தான தண்டியைக் கொலைகாரி மாதிரி நெரிக்கிறது. மணிக்கட்டு மடங்கியே இருக்கிறது. கடைசியாக, "தந்தி எதுக்கு இவ்வளவு முறுக்கமா இருக்கு?" என்று விரலால் சாரணியை அழுத்திப் பார்த்தார்.

எனக்குப் பகீரென்றது. நான் நாலரைக் கட்டை என்கிற உயர்ந்த சுருதியில் தந்தியை முறுக்கி வைத்திருந்தேன், என் குருவின் சுருதி அது. அவருக்கு வீணை வித்வான் எஸ். பாலசந்தர் மேல் பைத்தியம். ஒரே மெட்டில், அதாவது தண்டி மேல் பதித்த ஒரே பித்தளைக் கம்பியில், நின்று தந்தியை இழுத்தே ஸ்வரங்களை அடுக்கடுக்காக வரவழைப்பார் அல்லவா பாலசந்தர், அது எங்களுக்கெல்லாம் லட்சியம். ஆனால் என் வீணைக்கு மேளம் கட்டி (மெட்டுகளை மெழுகில் பதித்து ஸ்வர இடம் சரிசெய்வது) 11 வருடம் ஆகியிருந்தது. மெழுகில் பதித்த மெட்டுகள் ஏறி இறங்கி, தந்தி உயர்ந்து நின்றது. மலைக்குளிரில் மெழுகு கல் மாதிரி இறுகும், கச்சேரிக்குக் கீழே கொண்டுபோனால் வெயிலில் இளகும். மேலே கீழே எத்தனை தடவை போய் வந்திருக்கிறதோ. நான் வருடக்கணக்காகத் தேவைக்கு ஒன்றரை மடங்கு பலம் போட்டு இழுத்திருக்கிறேன், அதுவும் காலையில் குளிர்ந்த கையோடு, சிமெண்ட் தரையில் உட்கார்ந்து.

கோயம்புத்தூரில் மேளம் கட்டுகிறவரிடம் கொடுத்தேன். மெட்டுகள் 24ஐயும் எடுத்து, புது மெழுகு போட்டு, தந்தியைத் தாழ்த்தி, சாரணிக்கு ஒரு நம்பர் மெல்லிய கம்பி போட்டார். சுருதியையும் இறக்கினேன். முதல் இரண்டு நாள் வேறு யாருடைய வீணையோ மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காந்தாரம் அசைந்தது.

அதற்குப் பின்தான் வலி மளமளவென்று குறைய ஆரம்பித்தது. ஐந்து, மூன்று, இரண்டு. இதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, இரும்புக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. வலி இருந்த எட்டு மாதத்தில் காலம் செய்ததும் கொஞ்சம் இருக்கும். இன்னொன்றும் கூடவே நடந்தது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக, மிக மெதுவாக இறக்குகிற பயிற்சி. 15 தடவை, மூன்று சுற்று, தினமும். அக்கா அதை எழுதிக்கொடுத்து, பிஸியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வருடமாக எரிச்சல்பட்ட தசைநார் ஊசியால் மட்டும் கெட்டிப்படாது, சுமை கொடுத்துப் பழக்க வேண்டும் என்றார் பிஸியோதெரபிஸ்டும்.

இரண்டு வருடம் என்று எழுதிவிட்டேன், கணக்குப் பார்த்தால் எட்டு மாதம்தான். வலியில் காலம் அப்படித்தான் நீள்கிறது. சரி.

குறைகளையும் சொல்ல வேண்டும். நேரம் கொடுத்தால் கொடுத்த நேரத்துக்கு நடக்காது, முக்கால் மணி காத்திருப்பு நிச்சயம். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரே ஹீட்டர், அதுவும் அடுத்த படுக்கைப் பக்கம் திருப்பியிருக்கும். கொஞ்சம் சத்தமாகப் பேசினால் தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். பக்கத்துப் படுக்கைக்காரரின் மூலநோய் விவரம் முழுக்க எனக்குத் தெரியும், அவரைப் பஸ்ஸில் பார்த்தால் நான்தான் தலையைக் குனிகிறேன். போனில் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்காது, சில்லறையோடு போங்கள். ஜூலையில் சாலையில் மரம் விழுந்து என்னால் போக முடியாத நாளுக்கு, வேறு நாள் கேட்டு வாங்க பத்து நாள் ஆயிற்று.

இந்த நவராத்திரிக்கு ஐந்து கொலு வீட்டில் இரண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். கிளம்பும் முன் பத்து நிமிடம் வெந்நீரில் கை. இரண்டாவது வீட்டில் நாற்பது நிமிடம் வாசித்தேன், அதில் தோடி பன்னிரண்டு. இரவு லேசாக முணுமுணுத்தது, காலையில் இல்லை. ஃபெரிட்டின் 31க்கு வந்திருக்கிறது. டீ இப்போது நாலு தம்ளர், அதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை பத்துக்கு முன் போனால் கூட்டம் குறைவு. மாடிப்படி செங்குத்து, மழைநாளில் வழுக்கும். கைப்பிடி ஏறும்போது வலது பக்கம் இருக்கிறது, இடது கை வலிக்காரர்களுக்கு வசதி. இறங்கும்போது அது இடது பக்கம் வந்துவிடும், அதற்குள் ஊசி போட்டிருப்பார்கள்.